நாலு பேர், ஆறு பங்கு

எண்ணூர்
3 நவம்பர் 2025

'பங்கு போடு' பயிற்சியைத் தயாரித்தவருக்கு,

வணக்கம். உங்கள் பெயர் தெரியாது. டேப்லெட்டின் கடைசித் திரையில் 'குறை இருந்தால் எழுதவும்' என்று ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. குறை இருக்கிறது, எழுதுகிறேன்.

என் பெயர் செங்கொடி. நெட்டுக்குப்பம் மீனவக் கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ஜூலையில் உங்கள் நிறுவனம் எங்களுக்கு டேப் கொடுத்தது. பிள்ளைகள் அதில் முக்கோணத்தின் மூலையை விரலால் இழுத்தார்கள். எப்படி இழுத்தாலும் மூன்று கோணமும் சேர்ந்து நூற்றெண்பதே வருவதைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். நானும் அதையே பல வருஷமாகப் பலகையில் எழுதிச் சொல்லியிருக்கிறேன். அப்போது அவர்கள் வாயைத் திறந்தது கொட்டாவிக்குத்தான். ஆகவே உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல மனது வராமல் போகலாம்.

என் புகார் ஐந்தாவது கேள்வியைப் பற்றியது. படகு கரைக்கு வருகிறது. நான்கு பேர் இறங்குகிறார்கள். வட்டக் கூடை நிறைய மீன். 'நான்கு பேர் கடலுக்குப் போனார்கள். மீனைச் சமமாகப் பங்கு போடு. ஒருவருக்குக் கிடைப்பது எத்தனையில் ஒரு பங்கு?' பிள்ளை விரலால் கூடையைக் கோடு போட்டுப் பிரித்து, பின்னத்தை எழுத வேண்டும். நான்காவது கேள்விவரை என் வகுப்பு ஒழுங்காகப் போகிறது. ஐந்தாவதில் சிவப்புப் பெருக்கல் குறி, கூடவே ஒரு 'டொய்ங்'. அதற்குப் பின்னால் வரும் கேள்விகளும் அதே படகுதான், அதே டொய்ங்தான். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்து, "இன்னா டீச்சர், ஆட்டோ ஸ்டாண்டு வெச்சிகினு கீறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சிரிக்கிற விஷயமில்லை. இந்த மாதக் கடைசியில் உங்கள் அறிக்கை வரும். அதில் 'அடிப்படை நிலை' என்று விழுந்தால் இந்த வகுப்புக்கு வடிவியல் பயிற்சிகள் நின்றுவிடும். வருஷம் முடியும்வரை நான்காம் வகுப்புப் பின்னம்தான், பாதி வட்டத்துக்கு நீலம், கால் வட்டத்துக்கு மஞ்சள். மற்ற வகுப்புகள் பார்க்க, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நிறம் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். நான் அதற்கு விடமாட்டேன். உங்கள் டேப்பில் கோளாறு இருக்கிறது, சரி செய்யுங்கள்.

செங்கொடி


பெங்களூரு
4 நவம்பர் 2025

மதிப்புக்குரிய செங்கொடி அவர்களுக்கு,

தங்கள் மின்னஞ்சல் கிடைத்தது. தங்கள் கருத்தை எங்கள் நிறுவனம் பெரிதும் மதிக்கிறது.

ஐந்தாவது கேள்வியை மீண்டும் சோதித்துப் பார்த்தேன். அதில் பிழை இல்லை. நான்கு பேர், ஆகவே நான்கில் ஒன்று. திட்டத்தில் உள்ள மற்றப் பள்ளிகளில் மாணவர்கள் அதைச் சிரமமின்றி முடிக்கிறார்கள். தங்கள் பள்ளியில் மட்டுமே இந்த நிலை. கடற்காற்றின் உப்பு திரையில் படிந்தால் தொடுதல் பிசகலாம். மெல்லிய ஈரத் துணியால் துடைத்து மீண்டும் முயலவும். புகார்களை எழுத்தில் மட்டுமே ஏற்க வேண்டும் என்பது எங்கள் விதி, அதனால் தொலைபேசி எண் தர இயலவில்லை.

இப்படிக்கு,
ஒவைஸ்
பயிற்சி வடிவமைப்பாளர்

பி.கு. இது அலுவலகத்துக்கு அப்பாற்பட்டது. நான் ராயபுரத்துக்காரன். பழைய பயிற்சியில் லட்டுதான் இருந்தது. நம்ம ஊர்ப் பிள்ளைகள் நம்ம ஊர்ப் பொருளைப் பார்க்கட்டும் என்று மேலாளரோடு மல்லுக்கட்டிப் படகை வைத்தவன் நான். படகின் நிறம்கூடக் காசிமேட்டில் பார்த்ததுதான். அதைப் போய்க் கோளாறு என்கிறீர்களே.


எண்ணூர்
6 நவம்பர் 2025

ஒவைஸ் சார்,

உங்கள் முதல் பாதிக் கடிதத்தை யார் எழுதினார்கள் என்று தெரியவில்லை. பின்குறிப்பை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பதில் எழுதுகிறேன்.

துடைத்தாயிற்று. ஒவ்வொரு டேப்பையும் என் கையாலேயே துடைத்தேன். உப்பில்லை. அனல் மின் நிலையத்துச் சாம்பல் கொஞ்சம் வந்தது. அதன் பிறகும் டொய்ங்.

என் வகுப்பில் தமன்னா என்று ஒரு பெண் இருக்கிறாள். நாற்கரத்தின் கோணங்கள் முந்நூற்றறுபது என்று நான் சொல்வதற்கு முன்பே, குறுக்கே ஒரு கோடு போட்டால் இரண்டு முக்கோணம் என்று டேப்பில் இழுத்துக் காட்டியவள். அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கூடையை ஆறாகப் பிரிக்கிறாள். "எத்தன பேரும்மா?" "நாலு பேரு டீச்சர்." "சமமாப் போட்டியா?" "சமமாத்தான் டீச்சர் கீது." அளந்து பார்த்தால் உண்மையிலேயே சமமாகத்தான் இருக்கிறது. மதியம் ஒரு கொய்யாப் பழத்தைக் கொடுத்து நாலு பேருக்கு வெட்டு என்றேன். கத்தி பிசகாமல் நாலாக வெட்டினாள். அந்தப் பெண்ணுக்குப் பின்னம் தெரியாது என்று உங்கள் டேப் சொல்கிறது.

மற்றப் பிள்ளைகள் என்ன போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு மதிப்பெண் மட்டும்தான் வருகிறது. பிள்ளை போட்ட விடை பெங்களூருக்குப் போகிறது, பக்கத்தில் நிற்கிற டீச்சருக்குக் காட்டுவதில்லை. இது என்ன நியாயம் சார்? எடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

செங்கொடி


பெங்களூரு
7 நவம்பர் 2025

செங்கொடி டீச்சருக்கு,

எடுத்துப் பார்த்தேன். பார்த்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை.

பொதுவாகத் தப்பு என்பது சிதறிக் கிடக்கும். ஒரு பிள்ளை பாதி என்று எழுதும், இன்னொன்று நான்கையும் ஒன்றையும் தலைகீழாகப் போடும், இன்னொன்று விளையாட்டுக்கு நூறு என்று அடிக்கும். பட்டை வரைபடம் போட்டால் குட்டைக் குட்டையாக அங்கங்கே நிற்கும். உங்கள் வகுப்பில் அப்படி இல்லை. ஆறில் ஒன்று என்ற இடத்தில் ஒரே ஒரு பட்டை, தென்னை மர உயரம். பக்கத்தில் ஏழில் ஒன்று என்று ஒரு குட்டிப் பட்டை. நான்கில் ஒன்று என்று சரியாகப் போட்டவர்கள் ஒரு கைக்குள் அடங்குவார்கள். ஐந்து இல்லை, எட்டு இல்லை, மூன்று இல்லை.

இவ்வளவு நாளும் நான் சராசரி மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சராசரியில் உங்கள் வகுப்பு மோசமான வகுப்பு. பட்டையில் பார்த்தால் அது வேறு ஏதோ ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துவைத்திருக்கிற வகுப்பு. தப்பு இப்படி அணிவகுத்து நிற்காது டீச்சர். அது என்ன என்றுதான் எனக்குப் புரியவில்லை.

வட்டத்தை வெட்டும் கருவி தானாக ஆறுக்குத் தாவுகிறதோ என்று சோதித்தேன், இல்லை. ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. பின்னத்துக்கு முன்னால் வகுப்பில் என்ன நடத்தினீர்கள்? ஆறு சம்பந்தப்பட்ட ஏதாவது?

ஒவைஸ்


எண்ணூர்
11 நவம்பர் 2025

ஒவைஸ் சார்,

உங்கள் கேள்வியைப் படித்ததும் கோபம் வரவில்லை, பாடக்குறிப்பு நோட்டைத்தான் புரட்டினேன். ஆறு சம்பந்தப்பட்டது நடத்தியிருக்கிறேன்.

காம்பஸில் வட்டம் வரைந்து, திறந்த அளவை மாற்றாமல் முள்ளை வட்டத்தின் மேல் வைத்துத் தாண்டித் தாண்டிப் போனால், ஆறாவது தாண்டலில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். கூடுதல் குறைச்சல் இல்லாமல் ஆறு. அதை வளைத்து வரைந்தால் ஆறிதழ்ப் பூ. பின்னம் தொடங்குவதற்கு முந்தைய வாரம் முழுக்க என் வகுப்பு பூப் பைத்தியம் பிடித்து அலைந்தது. பெஞ்சில் பூ, கையில் பூ, எழிலன் என்கிற தடியன் முன்னால் உட்கார்ந்திருந்தவனின் சட்டை முதுகில்கூடப் பூ. வட்டத்தைப் பார்த்தாலே ஆறாகப் பிரிக்கிற பழக்கத்தை நானே ஏற்றிவிட்டேன் என்று நினைத்தேன். ஞாயிறு முழுக்கச் சோறு இறங்கவில்லை.

பிறகு யோசித்தேன், சந்தேகம் என்றால் சோதித்துப் பார்க்க வேண்டியதுதானே. ஏழாம் வகுப்பின் இன்னொரு பிரிவான ஏ பிரிவுக்கு இன்னும் வட்டமும் நடத்தவில்லை, பூவும் தெரியாது. நேற்று அவர்களுக்கு 'பங்கு போடு' கொடுத்து, வகுப்பைச் சுற்றி நடந்தேன்.

அவர்களும் ஆறு.

ஆகவே பூ மேல் பழி இல்லை, என் மேலும் இல்லை. பூவால்தான் என்றால் ஏழு எங்கிருந்து வந்தது என்பதும் எனக்கு உறைத்திருக்க வேண்டும். இப்போது நிம்மதியாகச் சாப்பிடுகிறேன், ஆனால் முன்னைவிடக் குழம்பிப்போயிருக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

செங்கொடி


பெங்களூரு
12 நவம்பர் 2025

செங்கொடி டீச்சருக்கு,

இந்தக் கடிதத்தை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. என் வாயால் நீங்கள் தெரிந்துகொள்வதுதான் மரியாதை என்று எழுதுகிறேன்.

அந்தப் பட்டை வரைபடத்தை உற்சாகத்தில் மேலாளரிடம் காட்டினேன். அவர் அரை நிமிஷம் பார்த்துவிட்டு, "ஒரே தப்பு இத்தனை பேருக்கு வந்தால் அதற்கு ஒரே பெயர்தான், காப்பி" என்றார். இப்போது ஏ பிரிவிலும் அதே விடை வந்திருப்பதால் அவருக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் வகுப்பின் பெயருக்கு எதிரே 'பார்த்து எழுதியிருக்கலாம்' என்று குறிப்பு ஏறிவிட்டது. அப்படிக் குறிப்பு ஏறினால் மதிப்பெண் எப்படி இருந்தாலும் வகுப்பு அடிப்படை நிலைக்குத்தான் போகும்.

நான் மறுத்துப் பேசினேன். "அப்படியென்றால் காரணத்தைச் சொல்" என்கிறார். என்னிடம் காரணம் இல்லை. அறிக்கை இருபத்தெட்டாம் தேதி மூடப்படுகிறது.

ஒவைஸ்


எண்ணூர்
13 நவம்பர் 2025

சார்,

ஒரு பிள்ளை சரியாகப் போட்டால் 'சபாஷ்', எல்லாப் பிள்ளையும் ஒன்றாகத் தப்பாகப் போட்டால் திருட்டு. நல்ல கணக்கு. நெட்டுக்குப்பத்துப் பிள்ளை என்றதும் அந்தப் பெயர் எவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிடுகிறது பாருங்கள். நான் வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவள், அந்தச் சுலபத்தை எனக்கு நன்றாகத் தெரியும். நான் நூறு வாங்கியபோதெல்லாம் என்னை மட்டும் தனியாக உட்காரவைத்து மறுபடி பரீட்சை எழுதச் சொன்ன ஒரு சாரை இன்னும் மறக்கவில்லை.

குறிப்பைப் பற்றித் தலைமை ஆசிரியருக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து தகவல் வந்துவிட்டது. அவர் நேற்று வகுப்புக்கே வந்து, பார்த்து எழுதினீர்களா என்று கேட்டார். தமன்னா டேப்பைக் கவிழ்த்து வைத்தாள். இன்றும் கவிழ்த்தேதான் வைத்திருந்தாள். முக்கோணத்தைக்கூடத் தொடவில்லை.

இனி எனக்கு எழுத வேண்டாம். என் வகுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.

செங்கொடி


பெங்களூரு
14 நவம்பர் 2025

டீச்சர்,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்று மட்டும்.

அந்த டேப்பில் 'சரி', 'தப்பு' என்று சொல்ல வைத்தேன். 'ஏன் இப்படிப் போட்டாய்' என்று கேட்க ஒரு பொத்தான் வைக்கத் தோன்றவில்லை. நீங்களும் கேட்டீர்கள், ஆனால் 'எத்தனை பேர், சமமா' என்று, நான் கேட்ட மாதிரியேதான் கேட்டீர்கள். அதற்கு அவர்கள் சரியான பதில்தான் சொல்லியிருக்கிறார்கள். நாலு பேர், சமம்.

டேப்பை எடுத்து உள்ளே வையுங்கள். ஒரு கூடையில் எதையாவது போட்டு, நாலு பிள்ளைகளைப் படகில் வந்தவர்களாக நிறுத்தி, பங்கு போடச் சொல்லுங்கள். நீங்கள் வாயே திறக்காதீர்கள். என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, அதை மட்டும் செய்யுங்கள்.

ஒவைஸ்


எண்ணூர்
18 நவம்பர் 2025

ஒவைஸ் சார்,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

கூடையில் பன்னிரண்டு சாக்பீஸ் போட்டேன். எழிலனோடு இன்னும் மூன்று பேர் படகிலிருந்து இறங்கினார்கள். "மீனு வந்துகினு கீது, பங்கு போடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தேன். எழிலன் போட்டான். ஆளுக்கு இரண்டு, நாலு பேருக்கு எட்டு. மீதி நாலில் இரண்டை மேசை மேல் வைத்தான், இரண்டைத் தரையில் வைத்தான். வகுப்பில் ஒருவர்கூட அதை ஏன் என்று கேட்கவில்லை. நான்தான் சுவரை விட்டு வந்தேன்.

"இது யாருக்குடா?"

"போட்டுக்கு டீச்சர்."

"கீழே இருக்கிறது?"

"வலைக்கு." என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பாவம் இந்த டீச்சருக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்று இருந்தது. "போட்டும் வலையும் சும்மா வருமா டீச்சர்? அதுங்களும் கடலுக்குப் போச்சில்ல?"

பின் பெஞ்சிலிருந்து, இஞ்சின் வேறொருவருடையதாக இருந்தால் அதற்கும் ஒரு பங்கு, எங்கள் படகில் ஏழு என்று ஒரு குரல் வந்தது. உங்கள் குட்டிப் பட்டை கிடைத்ததா? சரியாக நான்கு போட்டவர்கள் யார் என்றும் பார்த்தேன். மணலியில் டேங்கர் லாரி ஓட்டுகிறவர்களின் பிள்ளைகள். அதில் ஒருவன், "லாரிக்கு யாரு பங்கு குடுக்கறா?" என்று எகிற, "லாரிக்கு மொதலாளி கீறாரு, வலைக்குப் பங்க வுட்டா இன்னா கீது?" என்று இவர்கள் எகிற, வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை. இவ்வளவு நல்ல சண்டையை நான் என் வகுப்பில் பார்த்ததே இல்லை.

தமன்னா மட்டும் எழுந்திருக்கவில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏம்மா, அன்னிக்கே என்கிட்ட இதச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"இத்த எப்டி டீச்சர் சொல்றது? எல்லார்க்கும் தெரிஞ்சதுதான." பிறகு தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். "எங்க நைனா போறதில்ல டீச்சர். கை இஞ்சின்ல மாட்டிகிச்சு. கை ஆறிப்போச்சு, ஆனா போட்டுல கால் வெக்க மாட்டேன்றாரு. எங்க வலைதான் போவுது. எழிலன் வூட்டு போட்டுல. மீனு நாலு பேருக்கு மட்டும்னு போட்டா, எங்க வூட்டுக்கு இன்னா கீது?"

சார், அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் தன் வீட்டுச் சாப்பாட்டைத்தான் கூடையில் கோடு போட்டு எடுத்து வைத்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் நாம் டொய்ங் என்றோம். மன்னிப்புக் கேட்டேன், வகுப்புக்கு நடுவிலேயே. நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் இதைத் தெரிந்துகொள்ளாமலே போயிருப்பேன். அதற்காகப் போன கடிதத்தின் கடைசி இரண்டு வரியை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மற்ற வரிகள் அப்படியே இருக்கட்டும்.

செங்கொடி


பெங்களூரு
19 நவம்பர் 2025

டீச்சர்,

மூன்று தடவை படித்தேன். ராயபுரத்தில் முப்பது வருஷம் இருந்தவன். காசிமேட்டில் அத்தாவோடு போய் மீன் வாங்காத வெள்ளிக்கிழமை இல்லை. படகு கரைக்கு வந்த பிறகு என்ன நடக்கும் என்று ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. மீன் எங்கள் பைக்கு வந்ததும் என் உலகம் முடிந்துவிட்டது. லட்டுவை எடுத்துவிட்டு அதே இடத்தில் படகை ஒட்டினேன், கணக்கை மாற்றாமல். லட்டுக்கு வலை கிடையாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

நல்ல செய்தி சொல்கிறேன். உங்கள் கடிதத்தை மேலாளருக்கு வாசித்துக் காட்டினேன். காப்பி என்ற குறிப்பை அவர் கையாலேயே எடுத்துவிட்டார். படகை நீக்கிவிட்டுப் பழையபடி லட்டுவையே எல்லாப் பள்ளிக்கும் போட்டுவிடலாம் என்கிறார். நாளைக்கே மாற்றிவிடுவேன். உங்கள் பிள்ளைகள் அறிக்கை மூடுவதற்குள் ஒருமுறை போட்டால் போதும், கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் வகுப்பு தப்பித்துவிடும்.

ஒவைஸ்


எண்ணூர்
21 நவம்பர் 2025

ஒவைஸ் சார்,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பஸ்ஸில் பக்கத்திலிருந்த அம்மாளிடம் சொல்லிச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம். வகுப்பில் போய் அறிவித்தேன். எல்லோரும் கத்தினார்கள்.

தமன்னா கேட்டாள், "போட்டையே எட்த்துட்டாங்களா டீச்சர்? அப்போ நம்ம சொன்னது தப்புதானா?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள் நீங்கள்? லட்டு போட்டால் வகுப்பு தப்பிக்கும், தெரிகிறது. ஆனால் அவர்கள் சொன்னதைச் சரி என்று ஏற்றுக்கொள்ளாமல், அவர்கள் கண்ணிலிருந்து கேள்வியை ஒளித்துவைக்கிறோம். டேப்பைப் பொறுத்தவரை ஆறில் ஒன்று இன்னமும் தப்புதான்.

அன்று மதியம் புள்ளியியல் எடுத்தேன். அவரவர் வீட்டுப் படகில் எத்தனை பங்கு என்று கேட்டுப் பட்டை வரைபடம் போடச் சொன்னேன். எல்லாப் படகிலும் நாலு பேர்தான், ஆனாலும் ஆறு, ஏழு, கோயிலுக்கும் ஒன்று எடுத்து வைக்கிற ஒரு படகில் எட்டு. டேப்பில் கோயில் இல்லாததால் அந்த வீட்டுப் பிள்ளை அன்று ஏழோடு நிறுத்தியிருக்கிறது. சராசரி ஆறேகால் வந்தது. "அந்தக் கால் ஆளு யாரு டீச்சர்?" என்று எழிலன் கேட்டான். சராசரி என்பது எந்தப் படகிலும் இல்லாத ஓர் எண்ணாகக்கூட இருக்கலாம் என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குப் புரிந்தது. லட்டுவை வைத்து இதை நடத்த முடியுமா?

லட்டு வேண்டாம் சார். படகு இருக்கட்டும். யார் யாருக்குப் பங்கு என்று முதலில் பிள்ளை முடிவு செய்யட்டும், பிறகு பின்னத்தைக் கேளுங்கள். இருபத்தெட்டுக்குள் முடியாது என்பீர்கள். முடியாவிட்டால் வகுப்பு கீழே போய்விடும் என்ற பயம் எனக்கும் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. பிள்ளைகளிடமும் அதைச் சொல்லிவிட்டேன். கை தூக்கச் சொன்னேன். படகுக்குத்தான் தூக்கினார்கள், டேங்கர் பிள்ளைகளும் சேர்த்து.

செங்கொடி


பெங்களூரு
28 நவம்பர் 2025

செங்கொடி டீச்சருக்கு,

ஒரு வாரமாக எழுதவில்லை. சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒரே விடை இல்லாத கேள்விக்கு எப்படி மார்க் போடுவது?" என்று மேலாளர் கேட்டார். பிள்ளை எத்தனை பேரைப் பங்குக்கு வைக்கிறதோ அதற்குப் பின்னம் பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும் என்றேன். ஏழு வைத்து ஏழில் ஒன்று என்றால் சரி. ஏழு வைத்து நான்கில் ஒன்று என்றால்தான் தப்பு. "அப்படியென்றால் இதுவரை இருந்த கேள்வி தப்பு என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், போடுவாயா?" என்றார். போட்டேன். இந்த வேலையில் அது என் பெயருக்கு நல்லதில்லை. ஆனாலும் போட்ட கையோடு புதிய கேள்வியை எழுத உட்கார்ந்தேன். படகுக் கேள்விகளை எல்லாப் பள்ளிகளின் மதிப்பெண் கணக்கிலிருந்தும் நீக்கினார்கள். மீதி மதிப்பெண்ணில் உங்கள் வகுப்பு எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே நிற்கிறது. அறிக்கை இன்று மாலை மூடியது. அடிப்படை நிலை இல்லை.

புதிய படகை இப்போது அனுப்பியிருக்கிறேன். ஆட்களையும் படகையும் வலையையும் இஞ்சினையும் விரலால் இழுத்துப் பங்குக்கு வைக்கலாம், எடுக்கலாம், கூட்டலாம். ஒருத்தருக்கே இரண்டு பங்கு சேர்ந்தால் அதையும் எழுதலாம். டொய்ங் இல்லை.

அந்தப் பெண் டேப்பை நிமிர்த்தினாளா என்று மட்டும் எழுதுங்கள்.

ஒவைஸ்


எண்ணூர்
4 டிசம்பர் 2025

ஒவைஸ்,

சார் என்று எழுதக் கை போனது, விட்டுவிட்டேன். நீங்களும் இனி டீச்சரை விடலாம்.

நிமிர்த்தினாள். முதலில் நாலு ஆள், ஒரு படகு, ஒரு வலை வைத்தாள். ஆறில் ஒன்று. டேப் பச்சை காட்டியது. அதை அவள் பெரிதாகக் கண்டுகொள்ளவே இல்லை, அதுதானே நியாயம் என்பது போல இருந்தாள். பிறகு ஐந்தாவதாக ஓர் ஆளை இழுத்துப் படகில் ஏற்றினாள். பங்கு ஏழானது. தன் வீட்டுக்கு வலைப் பங்கு ஒன்று, அந்த ஐந்தாவது ஆளின் பங்கு ஒன்று, ஆக ஏழில் இரண்டு என்று எழுதினாள். அதற்கும் பச்சை. டேப்பை ஓரமாக வைத்துவிட்டு நோட்டில் போட்டாள். ஆறில் ஒன்றும் ஏழில் இரண்டும், எது பெரிது? இரண்டையும் நாற்பத்திரண்டில் கொண்டுவந்தாள். ஒரு பக்கம் ஏழு, இன்னொரு பக்கம் பன்னிரண்டு. கேட்காமலேயே செய்தாள். நான் அந்தப் பாடத்தை இன்னும் தொடங்கவில்லை, போன வருஷம் படித்ததை வைத்துச் செய்தாள்.

எழிலன் எட்டிப் பார்த்தான். படகு அவன் வீட்டுடையது, அவன் அப்பாவும் அந்த நாலு பேரில் ஒருவர். ஆறில் இரண்டாக இருந்தது ஏழில் இரண்டாகிறது, அவன் வீட்டுக்குக் குறைகிறது. அது அவனுக்கும் புரிந்தது, அவன் முகத்திலேயே தெரிந்தது. தமன்னா சட்டென்று நோட்டைக் கையால் மூடினாள். நான் குறுக்கே போகலாமா என்று யோசிப்பதற்குள் அவனே சொன்னான்.

"பங்கு சின்னதாவும் தமன்னா. ஆனா இன்னொரு ஆளு வல இழுத்தா கூடையும் பெர்சாவுமில்ல? நீ கூடைய அதே சைஸ்ல வெச்சிகினு கணக்கு போடுற."

முழுமை மாறினால் பின்னத்தை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது. எனக்கு அது இருபது வருஷமாக ஒரு வாக்கியமாகத்தான் தெரியும். தமன்னா கையை எடுத்தாள். அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

இன்று காலை மணி அடிப்பதற்கு முன்னால் அவள் அப்பா பள்ளி வாசலில் நின்றார். அவரை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வலது கையைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். இடது கையில் அந்தத் தாள்.

"டீச்சர், இதுல அஞ்சாவதா ஒரு ஆளப் போட்டுக்கிறாளே, அது யாரு?"

"உங்க பொண்ணத்தான் கேக்கணும்" என்றேன்.

"கேட்டேன் டீச்சர். பேரு சொல்ல மாட்டேன்றா. நாலு பேரயும் நீயே எண்ணிப் பாரு, யாரு கொறையுறாங்கன்னு உனுக்கே தெரியும்ன்றா."

தாளை மடித்தார். சட்டைப் பையிலிருந்து வலது கையை எடுத்துத் தாளை அதற்குள் வைத்தார். கேட்டைத் தாண்டி, வீட்டுப் பக்கம் திரும்பாமல் படகுகள் நிற்கிற பக்கம் நடந்தார்.

செங்கொடி